அழிவதைப் பேணும் அறம்

நில்லாதவற்றை நிலையானவை என்று மயங்கக்கூடாது என உபதேசிக்காத சமயம் உலகத்தில் இல்லை. செல்வமும் இளமையும் யாக்கையும் நிலையாதவை என்று விளக்கும் மூன்று அதிகாரங்களைத் தலைவாசலாக வைத்துக்கொண்டுதான் நாலடியாரே தொடங்குகிறது. இந்த உபதேசத்தை மனமார ஏற்றுக்கொண்ட ஒருவனுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழவேண்டும். இன்றோ நாளையோ அழிந்தே தீரும் என்று ஐயமறத் தெரிந்த ஒரு பொருளை, உடம்பை வருத்தியும் பொழுதைச் செலவிட்டும், மனிதன் எதற்காகப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்? ஒழுகும் கூரையை அடைப்பதையும் உளுத்த பலகையை மாற்றுவதையும் மாயையோடு தொடுத்த வீண் வழக்கென்று கைவிடுவதல்லவா வைராக்கியம்? இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே, துறவு என்பதற்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதும், இந்த உலகத்தில் நம் கைகளுக்கு என்ன வேலை என்பதும் தீர்மானமாகின்றன.

தத்துவ விசாரத்தை அந்தரத்தில் நடத்துவதைவிட, ஒரு பொருளை முன்னால் வைத்துக்கொண்டு நடத்துவது தெளிவு தரும். மிலிந்த மன்னனோடு வாதம் செய்த நாகசேனர் ஒரு தேரை எடுத்துக்கொண்டார். கடோபநிஷத்தும் சரீரத்தைத் தேர் என்றும், ஆன்மாவைத் தேருக்கு உடையவன் என்றும், புத்தியைச் சாரதி என்றும், மனத்தைக் கடிவாளம் என்றும், இந்திரியங்களைக் குதிரைகள் என்றும் வகுத்துக் காட்டியது. வேறு பல ஞானிகள் உடம்பை வீடு என்றார்கள். தேராகவும் வீடாகவும் ஒருங்கே அமைந்த ஒரு பொருள் நம் காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லரைத்தான் சொல்கிறேன். படுக்கையும் அடுப்பும் குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட அந்தச் சிற்றில்லங்களுள் பெயர்பெற்றது, வாலி பையம் என்பவர் 1936-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற அலுமினிய வண்டி. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் அந்த மரபில் வண்டிகள் இன்றும் உருவாகின்றன. தந்தை வாங்கிய பழைய வண்டியைப் பாழாக விடாமல், விடுமுறை தோறும் அதனுள்ளே குனிந்தும் தவழ்ந்தும் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கும் மனிதர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நம் கேள்விக்குரிய விடை அவர்களுடைய வேலைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் துணிபு.

வீட்டின் தர்மம் நிற்பது. வண்டியின் தர்மம் ஓடுவது. இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கும் டிரெய்லர் இரண்டுக்கும் உரிய துன்பங்களையும் சேர்த்தே அனுபவிக்கிறது. சாலையின் ஓயாத குலுக்கலில் அலமாரிக் கதவின் கீல்கள் தளர்கின்றன. குழாய் இணைப்பின் மரை சிறிது சிறிதாக நெகிழ்கிறது. கோடை வெயிலில், கூரையின் இணைப்புகளுக்கு மேல் பூசிய சீலன்ட் காய்ந்து வெடிக்கிறது. குளிர்காலத்திலோ, வடியாமல் குழாய்க்குள் தங்கிவிட்ட நீர் உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடிக் குழாயையே பிளந்துவிடுகிறது. காக்க வந்த பொருளே அழிக்கும் பொருளாக மாறுவதும் உண்டு. 1978 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளிலும் இத்தகைய வண்டிகளிலும் பெருவாரியாகப் பொருத்தப்பட்ட பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாய்கள், நீரைத் தூய்மைப்படுத்தக் கலக்கும் குளோரின் பட்டுப்பட்டே உள்ளுக்குள் நைந்து வெடித்து, இறுதியில் நீதிமன்றம் வரைக்கும் வழக்காகப் போயின. அநித்தியம் என்ற சித்தாந்தத்தை ஏட்டில் படிக்கவேண்டிய அவசியமே இல்லாதபடி, இந்த வண்டியின் ஒவ்வொரு மூலையும் அதைப் போதித்துக்கொண்டிருக்கிறது.

பழுதுபார்ப்பதில் முதற்படி பழுதை அறிவது. நியாய சாஸ்திரம், காரியத்தைக் கண்டு காரணத்தை அனுமானிப்பதற்கு ஓர் உதாரணம் கூறும். ஆற்றில் புதுவெள்ளம் பெருகி வருவதைக் காண்கிறவன், தன் தலைமேல் ஒரு துளியும் விழாதபோதும், மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று அறிகிறான். டிரெய்லருக்குள் குழாய் வேலை பார்க்கிறவனும் இந்தச் சாஸ்திரத்தின் மாணாக்கனே.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வீட்டார் உறங்கும் நடுநிசியில், இருக்கைப் பலகைக்கு அடியில் இருக்கும் 12 வோல்ட் பம்பு இரண்டு மூன்று விநாடி உறுமிவிட்டு அடங்குகிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும் உறுமுகிறது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் தணியவே ஓடத் தொடங்குவதும், மூடியதும் அழுத்தம் ஏறிக் குறித்த எல்லையைத் தொட்டவுடன் சுவிட்சு தானே அணைந்து நின்றுவிடுவதும் அந்தப் பம்பின் சுபாவம். ஒருவரும் குழாயைத் தொடாதபோது அது ஓடுகிறதென்றால், எங்கோ அழுத்தம் குறைந்துகொண்டிருக்கிறது. அதற்கு வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஏதோ ஓர் இணைப்பில் நீர் வெளியே கசியலாம். அல்லது நீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் பம்பின் உள்வால்வு தேய்ந்து, நீர் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பலாம். பம்பை நிறுத்திவிட்டு, முகாம் மைதானத்துக் குழாயிலிருந்து ஹோஸ் வழியாக நேரே நீரைக் கொடுத்துப் பார்த்தால் விவகாரம் தெளிந்துவிடும். தொட்டியின் நீர்மட்டம் தானாக ஏறினால் குற்றம் பெரும்பாலும் வால்வினுடையது. ஏறாவிட்டால் அந்தக் காரணம் கழிந்து கசிவே மிஞ்சுகிறது. ஒவ்வாத காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதைத் துணிவதைப் பரிசேஷம் என்று நையாயிகர்கள் சொல்லுவார்கள்.

கசிவுதான் என்று துணிந்தபின், டார்ச் விளக்கோடு தரையில் படுத்து, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றி வைத்துக் காத்திருக்கவேண்டும். படுக்கையின் காலடியில் தேங்கிய ஈரத்தைக் கண்டு அங்கேயே தோண்டுகிறவன் ஏமாந்து போவான். வண்டியின் மறுகோடியில் சிங்குக்கு அடியிலுள்ள ஒரு மரையில் பிறந்த நீர், சட்டத்தின் வழியே ஓசையின்றி ஊர்ந்து வந்து, பள்ளம் கண்ட இடத்தில் தலைகாட்டியிருக்கும். எந்த இணைப்பின் காகிதத்தில் ஈர வளையம் படிகிறதோ அதுவே சாட்சி சொல்லும் இடம். வெளியே ஒரு துளியும் சிந்தாத பழுதும் உண்டு. தொட்டி நிறைய நீர் இருக்கப் பம்பு ஓயாமல் ஓடியும், குழாயில் காற்று மட்டும் செருமிக்கொண்டு வந்தால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள உறிஞ்சு குழாயிலோ வடிகட்டியின் மூடியிலோ வெடிப்பு இருக்கவேண்டும். அங்கே நீர் வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உட்புகுகிறது. ஈரத்தைத் தேடும் கண்ணுக்கு அது ஒருபோதும் அகப்படாது.

சுவரோரத்து ஈரத்தின் கதை இன்னும் நுட்பமானது. காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே பலகை நனைந்திருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று முடிவுகட்டி ஏணியை எடுக்கத் தோன்றும். ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருப்பதையும், அது இல்லாதபோது இதுவும் இல்லாமற்போவதையும் சோதிக்கும் அன்வய வியதிரேக முறையைக் கையாளுகிறவன் மட்டும் சிறிது பொறுத்திருந்து பார்ப்பான். மழை பெய்த இரவிலெல்லாம் ஈரம் கண்டு, பெய்யாத இரவில் காணாவிட்டால் கூரையைக் குற்றம் சொல்லலாம். மழையே இல்லாத தெளிந்த குளிர் இரவிலும் ஈரம் கண்டால், அடைத்த அறைக்குள் உறங்கியவர்களின் மூச்சும், மாலையில் கொதித்த கஞ்சியின் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகியிருக்கின்றன. அப்போது செய்யவேண்டிய பரிகாரம் கூரையில் இல்லை. கூரைக் காற்றுத்துளையைச் சிறிது திறந்து வைத்து உறங்குவதிலேயே இருக்கிறது. பழியை வானத்தின்மேல் போட்டவன், தன் மூச்சே காரணம் என்று கண்டுகொள்ளும் இந்த இடத்தில் குழாய் வேலையும் ஆன்ம விசாரமும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

இதற்கும் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு குழாய் நம் கோபத்துக்கு அஞ்சாது. நம் பாண்டித்தியத்துக்கும் இணங்காது. நாம் விரும்பிய காரணத்தை அது மெய்யாக்கித் தரமாட்டாது. ஆசையோடு பற்றிக்கொண்ட ஊகத்தை, சாட்சியம் எதிர்த்துச் சொன்ன மாத்திரத்தில் விட்டுவிட்டு வேறு திசையில் தேடத் தயாராயிருப்பவனுக்கே அது தன் ரகசியத்தைத் திறக்கிறது. வீட்டைத் துறந்து காட்டுக்குப் போனவர்களாலும் எளிதில் துறக்க முடியாத ஒன்று, தன் அபிப்பிராயம். அதைத் துறக்கும் பயிற்சியை ஒரு மனிதனுக்கு நாள்தோறும் அளிக்கும் தொழிலைச் சாதனம் என்று கொள்ளுவதில் பிழையில்லை.

அறிதல் இவ்வாறென்றால், செய்தலில் அடங்கிய தர்மம் அதனினும் கனமானது. பழைய வண்டிகளில் அலுமினிய மேலோடு நெடுங்காலம் தாங்கி நிற்கும். அதன் கீழுள்ள பிளைவுட் தரைதான் முதலில் வீழும். கதவோரத்திலும் பின்புற விளிம்பிலும் காலை ஊன்றி அழுத்தும்போது தரை மெத்தென்று உள்வாங்கினால், மேல்விரிப்பை உரித்துப் பார்க்கவேண்டும். கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து, கையால் அள்ளினால் பொடியாக உதிரும் மரம் அங்கே இருக்கும். குத்தூசியை ஒவ்வோர் அங்குலமாகக் குத்திக்கொண்டே போய், எங்கே ஊசி ஏறாமல் தடுக்கிறதோ அதுவரைக்கும் வெட்டியெடுத்தாகவேண்டும். சிறு துண்டோடு வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று மனம் எவ்வளவு ஏங்கினாலும், உளுத்ததை உளுத்ததோடு சேர்த்து ஒட்ட முடியாது. அதற்கும் முன்னால், நீர் புகுந்த வாசலைக் கண்டு அடைத்திருக்கவேண்டும். அதைச் செய்யாமல் போட்ட புதுப் பலகை பழையது போன வழியே போகும். பிறகு சட்டம் நன்றாக உலரும்வரை நாள்கணக்கில் பொறுத்து, புதுப் பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு எப்பாக்ஸி பூசி, உறுதியான மரத்தோடு இணைக்கவேண்டும்.

இந்த நீண்ட வேலைக்கு மாற்றாகக் குறுக்குவழி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உளுத்த தரையின்மேல் பளபளப்பான வினைல் விரிப்பை ஒட்டிவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி புதிதாகிவிடும். நல்ல விலைக்கும் போகும். வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கையாலேயே சொல்லிய பொய் அது. வாய்மையை நாவுக்கு மட்டும் உரிய விரதமாக நினைப்பது பிழை. ஒருவரும் காணாத விரிப்புக்கு அடியில், வெட்டவேண்டிய இடம்வரை வெட்டிய மனிதன், தன் வேலையால் சத்தியத்தைக் காத்தவனாகிறான். பெரிய காரியத்தில்தான் இந்தத் தர்மம் விளங்கும் என்பதில்லை. அலமாரிக் கீலின் திருகாணி பிடிப்பற்றுச் சுழலும்போது, இன்னும் பெரிய ஆணியை முடுக்கி மெல்லிய பலகையைப் பிளந்துவிடாமல், பசை தோய்த்த மரக்குச்சியைத் துளையில் செருகி, உலர்ந்தபின் பழைய ஆணியையே திரும்ப முடுக்குகிறவனுடைய பொறுமையிலும் அது இருக்கிறது.

இனி நாகசேனருடைய தேருக்கு வருவோம். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இவற்றுள் எதுவும் தேரன்று, இவற்றை விலக்கியும் தேர் இல்லை, இவற்றின் சேர்க்கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் பெயரே தேர் என்று அவர் முடித்தார். பல ஆண்டுகளில் தரையும் குழாயும் பம்பும் அலமாரியும் ஒவ்வொன்றாக மாறிவிட்ட டிரெய்லரிடம் இந்த வாதத்தைப் பொருத்தினால், தந்தையின் வண்டி என்று மகன் பேணுவதில் தந்தை தொட்ட பகுதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பௌத்தருடைய தர்க்கத்தை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து பேணுதல் வீண் என்ற முடிவு பிறக்காது என்பதையே வற்புறுத்துகிறேன். தேர் என்ற தனிப்பொருள் ஒன்று இல்லை என்று உணர்ந்த பிறகும், அச்சு முறிந்தால் தேரில் இருப்பவர் விழத்தான் செய்வார். கசியும் எரிவாயு இணைப்பைச் சோப்பு நீரால் சோதித்துக் குமிழி கண்ட இடத்தை முடுக்குகிறவன், வண்டியின் நித்தியத்துவத்தை நம்பி அதைச் செய்யவில்லை. அன்றிரவு அதற்குள் உறங்கப்போகும் குழந்தைகளுக்காகச் செய்கிறான். பொருளின் உண்மையைப் பற்றிய விசாரம் எங்கே போய் முடிந்தாலும், உயிரின்மேல் வைத்த கருணை அதற்காகக் காத்திருப்பதில்லை.

பற்றில்லாமல் பேணுவது கூடுமா என்ற ஐயம் எஞ்சுகிறது. நம் ஆலய மரபு இதற்கு ஓர் அழகிய விடையை நெடுநாளாக வைத்திருக்கிறது. கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் பிறவும் சேர்த்து இடித்துச் செய்யும் அஷ்டபந்தனம் என்ற மருந்தைத்தான் மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தில் சாத்துகிறார்கள். காலத்தில் அது காய்ந்து இளகும். ஆகவே 12 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக் கும்பாபிஷேகம் நடத்துவது வழக்கம். திருப்பணி நடக்கும் காலத்தில் தெய்வ சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து வழிபடுகிறார்கள். இதன் கருத்தை ஊன்றி நோக்கவேண்டும். கல்லும் சுதையும் தெய்வமாகிவிடா என்பதை நன்கு அறிந்தவர்களே, கல்லின் சந்தை அடைப்பதற்கு இத்தனை சிரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அழியாததை அழிவதோடு குழப்பாத தெளிவும், அழிவதை அலட்சியம் செய்யாத பணிவும் ஒரே கிரியையில் அமைந்திருக்கின்றன. புதிதாக ஒரு கோயில் எடுப்பதினும் பழைய கோயிலைப் புதுக்கும் ஜீர்ணோத்தாரணமே மேலான புண்ணியம் என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியிருப்பதும் இதனால்தான். மேல்நாட்டிலும் இந்த ஞானம் இல்லாமற்போகவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்டு தம் துறவிகளுக்கு வகுத்த விதிநூலின் 31-ஆம் அதிகாரம், மடத்தின் பண்டசாலையைக் காப்பவர் அங்குள்ள சாமான்கள் அனைத்தையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களாகவே பாவிக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. எல்லாவற்றையும் துறந்தவர்களுக்குச் சொன்ன விதி இது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. என்னுடையது என்ற எண்ணம் நீங்கிய இடத்தில்தான், பொருளைப் பொருளுக்காகவே பேணும் நிதானம் பிறக்கிறது.

டிரெய்லரின் வெந்நீர்க் கொதிகலத்துக்குள்ளேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் கிடைக்கிறது. எஃகினால் ஆன தொட்டிகளில் ஒரு மக்னீசியக் கோலைச் செருகி வைத்திருப்பார்கள். நீரின் அரிப்புச் சக்தி எஃகை விட்டுவிட்டு மக்னீசியத்தையே நாடுவதால், கோல் ஒவ்வொரு நாளும் கரைந்துகொண்டே தொட்டியைக் காக்கிறது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காப்பதற்கு இதே தத்துவத்தைத்தான் கையாண்டார். முக்கால் பங்கு தேய்ந்த கோலை வெளியே எடுத்துப் பார்க்கும்போது, கம்பியை ஒட்டிப் புண்பட்ட சிறு கட்டிகளே மிஞ்சியிருக்கும். அது அழிந்தது என்று வருந்துவாரில்லை. அழிவதன் மூலமாகவே அது தன் தொழிலை நிறைவேற்றிவிட்டது. அழிகின்ற பொருளுக்கு அர்த்தம் இல்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கோலை ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்கலாம்.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது. நித்தியமான வஸ்துவுக்கு நம் ஊழியம் எதுவும் தேவையில்லை. அதை நம்மால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நம்முடைய கைகளை வேண்டி நிற்பவை அழியும் பொருள்களும் அழியும் உயிர்களுமே. அநித்தியத்தை உணர்ந்தவனுக்கு அவற்றின்மீது அலட்சியம் பிறந்தால், அவன் பாதி உண்மையைத்தான் உணர்ந்தான். இலையுதிர் காலம் முடியுமுன்னே தொட்டிகளை வடித்து, நச்சில்லாத இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் ஏற்றி, கடைசி மடை வரைக்கும் அது வருகிறதா என்று பார்த்து மூடுகிறவன், வண்டி என்றென்றும் நிலைத்திருக்கும் என்ற மயக்கத்தில் அதைச் செய்வதில்லை; உறைபனி வருவது திண்ணம் என்று அறிந்ததனாலேயே செய்கிறான்.

ஒரு நாள் அடிச்சட்டம் முழுதும் துருவேறிப் பாரம் தாங்காத நிலை வரும். அப்போது வண்டியை விட்டுவிடுவதே விவேகம். அதன் அடுப்பும் கதவும் ஜன்னலும் வேறு வண்டிகளுக்குப் பயன்படும்படி கழற்றிக் கொடுப்பதே மரியாதை. அந்த நாள் வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்பதைக் குத்தூசியும் டார்ச்சும் கொண்டு அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் அறிந்தவனே சொல்ல முடியும். ஒரு போதும் அதனடியில் குனிந்து பாராதவன் விடுவது துறவாகாது. சோம்பலுக்கு அவன் இட்ட பெயர் அது. பேணும் வரையில் குறைவின்றிப் பேணி, உரிய காலத்தில் ஏக்கமின்றி விடுகிறவனிடத்திலேயே கர்மமும் வைராக்கியமும் பகையின்றிக் கூடி வாழ்கின்றன.